பிஎச்பியில் 021, ஸ்கிரிப்டில் 17: மதிப்பை எப்படிக் கொடுப்பது?

திருநெல்வேலிப் பெடியன்:
வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒடியல் மா, பனங்கட்டி, மிளகாய்த்தூள் விற்கும் ஒரு கடைக்கு ஓடர் பக்கம் செய்கிறேன். பக்கத்தை சேர்வரில் ஓடும் பிஎச்பி உருவாக்குகிறது, டெலிவரிக் கணக்கு ப்ரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டில். தொலைபேசியின் பகுதி இலக்கத்தை ஸ்கிரிப்டுக்குள் இப்படி எழுதுகிறேன்:

வார் கோட் = <?பிஎச்பி எக்கோ $கோட்; ?>;

டேட்டாபேஸில் 021, பக்கத்தின் தலைப்பிலும் 021. ஸ்கிரிப்டில் மட்டும் 17! கொழும்பு 011 என்றால் 9 வருகிறது. கண்டி 081 மட்டும் 81. இதோடு இரண்டு இரவு போய்விட்டது.

கீபோர்ட் கிளி:
கேச் (ப்ரவுசர் சேமித்து வைத்த பழைய பக்கம்) ஆக இருக்கும். கன்ட்ரோல் எஃப்5 அடித்துப் பார்த்தீர்களா?

திருநெல்வேலிப் பெடியன்:
அடித்தாயிற்று. அதே 17.

பழைய சேர்வர்:
கேச் இல்லை தம்பி. வியூ சோர்ஸ் (ப்ரவுசருக்கு வந்த பக்கத்தின் மூலம்) திறந்து பாரும், அங்கே "வார் கோட் = 021;" என்று இருக்கும். பிஎச்பிக்கு அது எழுத்துச் சரம். ஆனால் ப்ரவுசருக்குப் போவது வெறும் எழுத்துகள்தான், வகை கூடப் போகாது. மேற்கோள் இல்லாததால் ஜாவாஸ்கிரிப்ட் அதை எண்ணாக வாசிக்கிறது. பூச்சியத்தில் தொடங்கினால் எட்டடிமான எண் (0 முதல் 7 வரை இலக்கங்கள் மட்டும்): இரண்டெட்டுப் பதினாறு, கூட ஒன்று, 17. 081-இல் 8 இருக்கிறதே, எட்டடிமானத்தில் 8 கிடையாது. அதனால் பத்தடிமானமாக எடுத்து 81 ஆக்கிவிட்டது. ஸ்ட்ரிக்ட் மோட் (ஜாவாஸ்கிரிப்டின் கண்டிப்பான முறை) போட்டிருந்தால் முதல் நாளே எரர் வந்து பிடிபட்டிருக்கும்.

திருநெல்வேலிப் பெடியன்:
அட, நன்றி அண்ணை! இரு பக்கமும் ஒற்றை மேற்கோள் போட்டேன், 021 வந்துவிட்டது. முகவரிக்கும் அப்படியே போட்டேன். இன்று ஒருவர் "கோண்டாவில் கிழக்கு" என்று எழுதி, என்டர் தட்டி, அடுத்த வரியில் "கோவிலுக்குப் பின் ஒழுங்கை" என்று போட்டிருக்கிறார். முழு ஸ்கிரிப்டும் படுத்துவிட்டது.

பழைய சேர்வர்:
படுக்கும்தான். ஒற்றை மேற்கோளுக்குள் வரி உடையக்கூடாது. நாளைக்கு ஒருவர் முகவரியில் ஒற்றை மேற்கோளே போடுவார், அதற்கு அடுத்தவர் வேண்டுமென்றே ஸ்கிரிப்ட் எழுதுவார். கையால் மேற்கோள் போடும் வேலையை விட்டுவிடும். மதிப்பை ஜாவாஸ்கிரிப்ட் வாசிக்கும் வடிவில் எழுதித் தரும் பிஎச்பி ஃபங்ஷன் ஜேசன்_என்கோட் போதும்:

வார் முகவரி = <?பிஎச்பி எக்கோ ஜேசன்_என்கோட்($முகவரி, ஜேசன்_ஹெக்ஸ்_டேக்); ?>;

மேற்கோளையும் அதுவே போடும். நீர் வெளியே இன்னொன்று போட்டால் திரும்பவும் உடையும். தமிழ் எழுத்துகள் சோர்ஸில் பின்சாய்கோடும் யூவுமாகத் தெரியும், பயப்பட வேண்டாம், ப்ரவுசர் சரியாகவே வாசிக்கும். நியூமெரிக்_செக் என்ற கொடியை (கூடுதல் தெரிவை) மட்டும் சேர்க்காதேயும், 021 வெறும் 21 ஆகிவிடும்.

ஒழுங்கை முடக்கு:
நான் ஸ்கிரிப்டுக்குள் பிஎச்பி எழுதுவதே இல்லை. டிவ்வில் டேட்டா-ஏரியா-கோட் என்று ஓர் ஆட்ரிபியூட், எச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸ் என்ற பிஎச்பி ஃபங்ஷன் வழியாக இரட்டை மேற்கோளுக்குள். ஜாவாஸ்கிரிப்டில் எடுக்கும்போது இடைக்கோடுகள் போய், டேட்டாசெட்டுக்குள் ஏரியாகோட் என்று ஒரே சொல்லாக, நடுவில் பெரிய சி-யோடு இருக்கும். எப்போதும் எழுத்துச் சரமாகவே வருவதால் 17 தொல்லையும் இல்லை. ஸ்கிரிப்டைத் தனி ஃபைலுக்கும் கொண்டுபோகலாம்.

திருநெல்வேலிப் பெடியன்:
இப்போதைக்கு ஜேசன் போட்டேன், முகவரி சரி. ஆனால் சில பொருட்களுக்கு மட்டும் சோர்ஸில் "வார் பெயர் = ;" என்று வெறுமையாக வருகிறது. பெயர் டேட்டாபேஸில் இருக்கிறதே?

பழைய சேர்வர்:
அந்தப் பெயர்கள் பாமினியில் (யூனிகோட் இல்லாத பழைய தமிழ் எழுத்துரு) அடித்தவையா?

திருநெல்வேலிப் பெடியன்:
ஓம். கடைக்காரரின் பழைய எக்செல்லில் இருந்து ஏற்றினது.

பழைய சேர்வர்:
அதுதான். பாமினியில் சில எழுத்துகள் 127-ஐத் தாண்டிய ஒற்றை பைட்டுகளாகக் கிடக்கும், அது முறையான யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்தைச் சேமிக்கும் முறை) இல்லை. ஜேசன்_என்கோட் அதைக் கண்டால் ஃபால்ஸ் கொடுக்கும், எக்கோ செய்தால் ஒன்றுமே அச்சாகாது. பிஎச்பி 7.3 அல்லது அதற்கு மேல் என்றால் த்ரோ_ஆன்_எரர் கொடியைப் போடும், சத்தமில்லாமல் போகாமல் கத்தும். போதாக்குறைக்குப் பாமினியில் ஈ என்பது "<" குறி, புள்ளி என்பது ";". எச்டிஎம்எல்லுக்குள் அதை அப்படியே விட்டால் வேறு கூத்து. எல்லாவற்றையும் ஒருமுறை யூனிகோடுக்கு மாற்றிவிடும்.

திருநெல்வேலிப் பெடியன்:
மாற்றினேன், எல்லாப் பெயரும் வருகிறது. மிக்க நன்றி. கடைக்கார ஐயா புது விலைப்பட்டியல் அனுப்பியிருக்கிறார். அதுவும் பாமினிதான்.