125 சிசி டூ-ஸ்ட்ரோக்: பைலட் ஜெட் மாற்றவா, ஏர் லீக் தேடவா?

நண்பர்களே, என் மோட்டோகிராஸ் பைக்கின் கார்புரேட்டர் ஜெட்டிங் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்களைச் சரிசெய்வது) விஷயத்தில் உதவி வேண்டும்.

குளிர் தொடங்கியதிலிருந்து, மூடிய திராட்டிலைச் சட்டென்று முறுக்கினால் வண்டி ஒரு கணம் திணறிவிட்டுத்தான் இழுக்கிறது. திராட்டிலை விட்ட பிறகும் ஆர்பிஎம் உடனே இறங்குவதில்லை. முழு திராட்டிலில் குறையே இல்லை, பிளக்கும் நல்ல பழுப்பு நிறம். அதனால் முழு திராட்டிலுக்குப் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டைத் தொட மனமில்லை. நடுத்தர திராட்டிலுக்கான நீடிலின் கிளிப் நடுப் பள்ளத்தில், பெட்ரோல்-ஆயில் கலவை 32:1.

ஐடில் கலவைக்குக் காற்றை விடும் ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்றுக்கும் குறைவாகத் திறந்தால்தான் ஐடில் ஒழுங்காக நிற்கிறது. பொதுவாக 1 முதல் 2 சுற்றுக்குள் நிற்க வேண்டும். குளிர்காற்று அடர்த்தியானது, கலவை லீன் ஆகும் (காற்றுக்குப் பெட்ரோல் போதாது), ஆகவே குறைந்த திராட்டிலுக்குப் பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றலாம் என்பது என் கணிப்பு. ஆனால் இன்டேக் ரப்பரிலோ கிராங்க் சீலிலோ (கிராங்க் ஷாஃப்ட் முனைகளில் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) காற்று கசிந்தாலும் இதே அறிகுறிதானே வரும்? அப்படியிருந்து, பெரிய ஜெட் போட்டு ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகி சீஸ் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இன்ஜினைப் பிரிக்காமல் கிராங்க் சீல் கசிவைக் கண்டுபிடிக்க பிரஷர் டெஸ்ட் (போர்ட்களை அடைத்து, உள்ளே காற்றழுத்தம் கொடுத்துப் பார்ப்பது) எப்படிச் செய்வது? எக்ஸாஸ்ட் போர்ட்டை எதைக் கொண்டு அடைப்பீர்கள்? செய்து பார்த்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.