போர்ட் ஃபார்வர்டிங் போட்டும் நண்பர்களால் என் கேம் சர்வருக்குள் வர முடியவில்லை, அவசரம்

கட்டைவிரல்:
வெளியிலிருந்து வரும் இணைப்பை என் கணினிக்கு அனுப்பும் விதியை ரவுட்டரில் சரியாகத்தான் போட்டிருக்கிறேன். என் கணினியில் நான் உள்ளே போய்விடுகிறேன், நண்பர்களுக்கு மட்டும் டைம்டு அவுட் என்று வருகிறது. போர்ட் செக் செய்யும் தளமும் போர்ட் மூடியிருக்கிறது என்கிறது. இன்று இரவு விளையாடலாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

நீலவானம்:
எந்த கேம்? எந்த போர்ட்? செக் செய்யும்போது சர்வர் ஓடிக்கொண்டிருந்ததா? சர்வர் ஓடாவிட்டால் விதி சரியாக இருந்தாலும் மூடியிருப்பதாகத்தான் காட்டும்.

கட்டைவிரல்:
மைன்கிராஃப்ட், 25565. ஓடிக்கொண்டுதான் இருந்தது.

நீலவானம்:
ஜாவா எடிஷனா, பெட்ராக்கா? 25565 டிசிபி ஜாவாவுக்கு. பெட்ராக் என்றால் 19132 யுடிபி.

சுவர்க்கோழி:
ஃபயர்வால்தான், வேறு எதையும் தேட வேண்டாம். விண்டோஸில் உங்கள் நெட்வொர்க் பப்ளிக் என்று குறித்திருக்கும், ஜாவாவுக்கு பிரைவேட்டில் மட்டும் அனுமதி கொடுத்திருப்பீர்கள். நான் பார்த்ததில் பாதிப் பேருக்கு இதுதான்.

பழையகேபிள்:
தம்பி, இதே கேள்விக்கு இங்கே பல தடவை பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். கணினிக்கு எப்போதும் ஒரே ஐபி கிடைக்கும்படி ரவுட்டரில் டிஎச்சிபி ரிசர்வேஷன் போட்டாயா? போடாவிட்டால் நாளைக்கே ஐபி மாறும், உன் விதி வேறு ஏதோ ஒரு செல்போனைக் காட்டிக்கொண்டு நிற்கும். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே வெளி ஐபியைப் போட்டுச் சோதிக்கவும் கூடாது. வீட்டுக்குள்ளிருந்து வெளி ஐபிக்குப் போவதைத் திருப்பி உள்ளே அனுப்பும் நாட் லூப்பேக் நிறைய ரவுட்டர்களில் கிடையாது. அடிப்படை தெரியாமல் ரவுட்டரில் கை வைத்தால் இப்படித்தான்.

மின்னல்88:
இவ்வளவு எதற்கு? கணினியை டிஎம்இசட்டில் போட்டுப் பாருங்கள். வேலை செய்தால் விதியில் கோளாறு என்று தெரிந்துவிடும்.

நீலவானம்:
தயவுசெய்து வேண்டாம். டிஎம்இசட் என்றால் தனி விதி இல்லாத எல்லா போர்ட்டும் அந்தக் கணினிக்கே வந்து சேரும்.

மின்னல்88:
ஐந்து நிமிடச் சோதனைக்குச் சொன்னேன். அதற்குள் என்ன ஆகிவிடும்?

பழையகேபிள்:
இணையம் முழுக்க திறந்த போர்ட்டைத் தேடி பாட் எனும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் சுற்றுகின்றன. ஐந்து நிமிடமே அதிகம். சோதனைக்கு என்று போட்டவர்கள் அப்படியே மறந்துவிடுவதும் நடக்கிறது.

மின்னல்88:
யுபிஎன்பி எல்லா வீட்டிலும் தானாகவே போர்ட் திறந்துகொண்டிருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நீலவானம்:
அதையும் அணைத்து வைக்கத்தான் சொல்கிறேன். இரண்டும் ஒன்று இல்லை. யுபிஎன்பி ஒரு நிரல் கேட்ட போர்ட்டை மட்டும் திறக்கும்.

கட்டைவிரல்:
ஜாவாதான். ரிசர்வேஷன் உண்டு, 192.168.1.20. நண்பர்கள் அவரவர் வீட்டிலிருந்துதான் வருகிறார்கள். ஃபயர்வாலை முழுசாக அணைத்தேன், டிஎம்இசட்டும் போட்டேன். எதுவும் மாறவில்லை.

தூக்கணாங்குருவி:
ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்த முகவரி, எதில் தொடங்குகிறது? முதல் இரண்டு எண் போதும், முழுசாக இங்கே போட வேண்டாம். வெளித்தளம் காட்டும் ஐபியும் அதுவும் ஒன்றா?

கட்டைவிரல்:
வேறு வேறு. ரவுட்டரில் 100.81.

தூக்கணாங்குருவி:
அப்படியானால் உங்கள் விதியில் குறை எதுவும் இல்லை. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் சிஜிநாட்டுக்காக 2012-இல் ஒதுக்கப்பட்டவை. சிஜிநாட் என்றால் இணைய நிறுவனம் ஒரே பப்ளிக் ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது. நண்பர்களின் இணைப்பு அந்த நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடும், உங்கள் ரவுட்டர் வரை வரவே வராது. அதனால்தான் டிஎம்இசட் போட்டும் பலன் இல்லை.

நிறுவனத்தை அழைத்து பப்ளிக் ஐபி வேண்டும் என்று கேளுங்கள். மாறாத ஸ்டாட்டிக் ஐபி தேவையில்லை, பப்ளிக்காக இருந்தால் போதும். கொடுக்காவிட்டால் ஐபிவி6 (புதிய வகை ஐபி முகவரி) இருக்கிறதா பாருங்கள். அதில் இப்படி ஐபியைப் பகிரும் நாட் தொல்லை இல்லை, ஆனால் நண்பர்களுக்கும் ஐபிவி6 இருக்க வேண்டும், ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் 25565 திறக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் எல்லோரும் டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன் மென்பொருளை நிறுவிக்கொண்டு ஒரே நெட்வொர்க்கில் சேரலாம்.

சுவர்க்கோழி:
இருந்தாலும் ஃபயர்வாலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கட்டைவிரல்:
பப்ளிக் ஐபி கொடுத்துவிட்டார்கள். இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். நன்றி.

தூக்கணாங்குருவி:
மகிழ்ச்சி. டிஎம்இசட்டை எடுத்துவிட்டீர்களா? ஃபயர்வாலைத் திரும்பப் போட்டீர்களா? இதுவரை சிஜிநாட் தடுத்துக்கொண்டிருந்தது, இனி அந்த மறைப்பு இல்லை, கணினி அப்படியே வெளியே தெரியும். 25565 விதி ஒன்று போதும். சர்வரில் வைட்லிஸ்ட்டும் (அனுமதித்த பெயர்கள் மட்டும் நுழையும் பட்டியல்) போட்டுவிடுங்கள்.

நீலவானம்:
கட்டைவிரல், மேலே இருப்பதைப் பார்த்தீர்களா?