மறு: ‘வினிகர் சிண்ட்ரோம்’ – ‘சுருட்புளிப்பு’ பொருந்துமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். பழைய பில்லியர்ட்ஸ் ஆட்டங்களின் படச்சுருள்களையும், அவற்றோடு சேர்ந்த கோல், பந்து, ஆட்ட அறிவிப்பு முதலிய நினைவுப்பொருள்களையும் சேகரிப்போருக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில் ‘வினிகர் சிண்ட்ரோம்’ (அசிட்டேட் படச்சுருள் சிதைந்து வினிகர் நெடி வீசும் கேடு) என்பதற்கான தமிழ்ச்சொல் மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. முந்தைய மடல்களில் வந்த இரண்டு பரிந்துரைகளை எடுத்துக்கொள்கிறேன்.

> ‘வினிகர் நோய்க்குறி’ என்றே வைக்கலாம். மருத்துவத்தில் பழகிய சொல்.

> வினிகருக்குக் ‘காடி’ என்ற நல்ல சொல் இருக்கிறதே, ‘காடிச்சிதைவு’ எனலாம்.

இவற்றை எடைபோடுமுன், இந்தச் சொல்லை நாம் இத்தனை கவனமாகத் தேர வேண்டியது ஏன் என்பதற்கு ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலமான ஒரு சேகரிப்பாளரின் வீட்டார் அழைத்ததன்பேரில் அண்மையில் அவருடைய மரப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். அடியில் 16 மி.மீ. படச்சுருள் ஒன்று தகர டப்பாவில் இருந்தது. அதன்மேல் துணியில் சுற்றிய மூன்று பந்துகள். டப்பாவின் மூடியைத் திறந்தவுடன் ஊறுகாய்ச் சாடியைத் திறந்தாற்போல் மூக்கைத் துளைக்கும் புளித்த நெடி. சுருளின் ஓரம் அலையலையாக நெளிந்து, இடையிடையே வெண்பொடி பூத்திருந்தது. பிறகு பந்துகளில் ஒன்றைக் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்தேன். கற்பூர மணம் வந்தது. ஆகவே அது தந்தம் அன்று, செல்லுலாய்டு.

ஒரே பெட்டியில் இருந்த இந்த இரண்டு வாசனைகளும் இரண்டு வேறு வேதிவினைகளைச் சொல்கின்றன. நம் சொல் அவற்றைப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதே என் கட்சி.

பில்லியர்ட்ஸ் சேகரிப்பில் இந்தக் குழப்பம் மற்றெந்தத் துறையையும்விட எளிதாக நேரும். 1860களில் யானைத் தந்தத்துக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்குப் பத்தாயிரம் டாலர் தருவதாக நியூயார்க்கின் ஃபெலன் – கொலெண்டர் என்ற பில்லியர்ட்ஸ் பொருள் நிறுவனம் அறிவித்தது. அந்தத் தேடலில் இறங்கிய ஜான் வெஸ்லி ஹயட், நைட்ரோசெல்லுலோசையும் கற்பூரத்தையும் சேர்த்துச் செல்லுலாய்டை உருவாக்கி, 1870இல் தம் சகோதரருடன் காப்புரிமை பெற்றார். அதே பொருளைத்தான் 1889இல் கோடக் நிறுவனர் ஈஸ்ட்மன் ஒளியூடுருவும் படச்சுருளாக விற்கத் தொடங்கினார். பந்துக்காகத் தேடிய பொருள், பிற்காலத்தில் அந்தப் பந்து ஓடுவதைப் படம்பிடிக்கும் சுருளாயிற்று. சேகரிப்பாளர்கள் எல்லாச் சுருளையும் ‘செல்லுலாய்டு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் இதனால்தான்.

ஆனால் எல்லாச் சுருளும் செல்லுலாய்டு அன்று. திரையரங்குகளுக்கான 35 மி.மீ. செய்திப்படங்களே 1950களின் தொடக்கம்வரை பெரும்பாலும் நைட்ரேட் சுருளில், அதாவது செல்லுலாய்டில், வந்தன. 1923இல் வந்த 16 மி.மீ.யும் 1932இல் வந்த 8 மி.மீ.யும், வீட்டில் தீப்பற்றக்கூடாது என்பதற்காகத் தொடக்கம் முதலே அசிட்டேட் சுருளில் செய்யப்பட்டன. மன்றங்களில் நடந்த காட்சி ஆட்டங்களை உறுப்பினர்கள் தம் கைக்கேமராவில் எடுத்த படங்கள் இந்த வகையே. நம்மைப் போன்றோர் கைக்கு வருவதும் பெரும்பாலும் இவைதாம்.

நைட்ரேட் சிதையும்போது உருவம் மங்கிப் பழுப்பேறும், சுருள் பிசுபிசுத்து நுரைக்கும், கடைசியில் செம்பழுப்புப் பொடியாகும். தீப்பற்றினால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே தந்துகொள்வதால் நீருக்குள்ளும் எரியும். அசிட்டேட்டோ காற்றின் ஈரத்தாலும் வெப்பத்தாலும் அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டுச் சுருங்கி, நொறுங்கும் பதத்துக்கு வரும். அதன்மேல் உள்ள படப்பூச்சு சுருங்காததால் வரப்பு வரப்பாகக் கிளம்பிவிடும். 1948இல் அறிமுகமான டிரைஅசிட்டேட் என்ற அசிட்டேட் வகைச் சுருளில் இந்தக் கேடு இருப்பதைப் பத்தாண்டுக்குள் கோடக் நிறுவனத்துக்கு முதலில் தெரிவித்தது இந்திய அரசு என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். நம் நாட்டு வெக்கையும் புழுக்கமும் முதலில் வெளிக்காட்டிய கேட்டுக்கு நம் மொழியில் ஒரு சொந்தப் பெயர் இருப்பது நியாயம்.

இனி பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘நோய்க்குறி’ என்பது பல அறிகுறிகளின் தொகுப்பைக் குறிக்கும் மருத்துவச் சொல். ‘சுருளுக்கு நோய்க்குறி கண்டது’ என்று யாரும் பேசமாட்டார்கள். அதிலிருந்து வினைச்சொல்லும் பிறக்காது. ‘காடிச்சிதைவு’ அதைவிட மேல், கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆயினும் தனித்தமிழ் அறிவியல் எழுத்தில் ‘காடி’ பொதுவாக அமிலத்தையே குறிப்பதால், நைட்ரிக் அமிலம் தோன்றும் நைட்ரேட் சிதைவையும் அது உள்ளடக்கிவிடும். நாம் பிரிக்க நினைப்பதை அந்தச் சொல் சேர்த்துவிடுகிறது. இலங்கை நண்பர்களுக்கோ வினிகர் ‘வினாகிரி’தான்.

நான் முன்வைப்பது ‘புளிப்பு’. பெயர்ச்சொல்லாக ‘சுருட்புளிப்பு’, வினையாகச் ‘சுருள் புளித்தல்’. ‘இந்தச் சுருள் புளிக்கத் தொடங்கிவிட்டது’, ‘புளித்த சுருளைத் தனியே வை’ என்றால் விளக்கமே வேண்டாம். மேலும், மாவு புளிப்பதை அறிந்த எவருக்கும் இந்தக் கேட்டின் போக்கும் அந்தச் சொல்லிலேயே விளங்கும்: தொடக்கத்தில் மெதுவாகவும், ஒரு கட்டத்துக்குப் பின் விரைவாகவும் ஏறும், ஏறிய புளிப்பு இறங்காது, பழைய மாவு ஒரு கரண்டி புதிய மாவையும் புளிக்க வைப்பதுபோல், புளித்த சுருளின் ஆவி பக்கத்து டப்பாவில் உள்ள நல்ல சுருளையும் கெடுக்கும்.

மூன்று தடைகள் எனக்கே தோன்றின. ‘புளித்துப்போன படம்’ என்றால் பார்த்துச் சலித்த படம் என்ற பொருள் வரும். அதனால்தான் ‘படம்’ என்பதை விட்டுச் ‘சுருள்’ என்பதைப் பிடித்தேன். அசிட்டேட்டில் செய்த பழைய ஒலிநாடாக்களும் இதே கேட்டுக்கு ஆளாவதால் அது கூடுதல் பொருத்தம். இரண்டாவது, புளித்தல் என்பது நுண்ணுயிர்களின் வேலை, இங்கே அவை இல்லை. இது உண்மையான குறை. சொல்லின் விளக்கத்தில் அதை வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். மூன்றாவது, ‘சுருட்’ என்ற புணர்ச்சி வடிவம் புகைக்கும் சுருட்டை நினைவூட்டக்கூடும். அப்படித் தோன்றுவோர் ‘சுருள் புளிப்பு’ என்று பிரித்தே எழுதலாம், எனக்கு மறுப்பில்லை.

சிதைவு விரைவெடுக்கும் அந்தக் கட்டத்துக்கு, உறைமோரை எண்ணி ‘உறைநிலை’ என்று முதலில் குறித்து வைத்தேன். பாடநூல்களில் அது திரவம் உறையும் வெப்பநிலையைக் குறிக்கிறது; புளித்த சுருளைக் காக்கும் வழியே குளிரில் உறைய வைப்பது என்பதால் இந்த மயக்கம் ஆபத்தானது. பாடநூல் வழக்கை ஒட்டித் ‘தன்வினையூக்கப் புள்ளி’ (வெளிவந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தத் தொடங்கும் கட்டம்) என்பதே இருக்கட்டும்.

அமெரிக்கப் பூல் ஆட்டக்காரர் வில்லி மோஸ்கோனி 1954இல் ஸ்பிரிங்ஃபீல்டில் தவறாமல் தொடர்ந்து 526 பந்துகளைக் குழியில் போட்டதற்கு இன்று நம்மிடம் எஞ்சியிருப்பது பார்த்தவர்கள் கையெழுத்திட்ட உறுதிமொழித்தாள், படம் இல்லை. ஆங்கிலேய ஸ்னூக்கர் வீரர் ஜான் ஸ்பென்சர் 1979இல் இங்கிலாந்தின் ஸ்லௌ நகரப் போட்டியில் ஸ்னூக்கரின் உச்சப் புள்ளியான 147 எடுத்தபோது கேமராக்கள் ஓடவில்லை. எடுக்கப்படாதவை போயின. எடுக்கப்பட்டு, ஏதோ ஒரு பெட்டியில் பந்துகளுக்கு அடியில் கிடப்பவற்றையாவது உரியவர் முகர்ந்து பார்த்து, சரியான சொல்லால் எழுதி வைக்க வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

பட்டியலுக்கான வரைவு: ‘சுருட்புளிப்பு – அசிட்டேட் சுருள் ஈரத்தாலும் வெப்பத்தாலும் அசிட்டிக் அமிலம் வெளிவிட்டுச் சிதைதல்; நுண்ணுயிரால் நேர்வதன்று; நைட்ரேட் சிதைவு வேறு.’ இதன்கீழ் ஒரு குறிப்பும் சேர்க்கலாம்: செல்லுலாய்டுப் பந்துகளைச் சுருள்களுடன் ஒரே பெட்டியில் வைக்கக்கூடாது, ஏனெனில் அவை வெளிவிடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் சுருளைத் தாக்கும்.

மேற்சொன்ன டப்பாவில் அமிலம் காட்டும் நீலத்தாளை இட்டு மூடி வைத்தேன். அது பச்சையைத் தாண்டி மஞ்சளை நெருங்கிவிட்டது. சுருளைப் படியெடுக்க அனுப்ப வேண்டும். டப்பாவின்மேல் ஒட்டும் சீட்டில் இந்தச் சொல்லையே எழுத எண்ணுகிறேன். மாற்றுக் கருத்துள்ளோர் அதற்குமுன் எழுதினால் நன்றியுடையேன்.

அன்புடன்