தூண்டில் வளைவு ஓரத்து அலை எப்போது மடங்கும்?

பாளை_பலகை:
உவரிக்கு மேற்கே ஒரு கிராமம். பேர் சொல்ல மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். போன ஆனியில் அங்கே கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவின் மேற்குப் பக்கம், கல்லை ஒட்டி ஓர் அலை எழுந்து மேற்கே மடங்கிக்கொண்டே போனது. நெஞ்சளவு உயரம். அலைச்சறுக்குப் போர்டு பாளையங்கோட்டையில், வீட்டில்! அதன்பிறகு எப்போது போனாலும் கடல் தெப்பக்குளம் மாதிரி கிடக்கிறது. போனில் அலை 1.5 மீட்டர் என்று காட்டும் நாளிலும் ஒன்றுமில்லை. எதைப் பார்த்துக் கிளம்புவது? சென்னைப் பக்கம் கோவளத்தில் பழகியவன், சுமாராக ஓட்டுவேன்.

கச்சான்_காத்து:
தம்பி, உயரத்தை விடுங்கள். ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் எத்தனை விநாடி என்று பாருங்கள். 8 விநாடி அலைக்கு ஆழ்கடலில் நீளம் சுமார் 100 மீட்டர், 16 விநாடி அலைக்கு 400. நீளத்தில் பாதி ஆழம் வந்தாலே அலைக்குத் தரை தட்டுப்படும். அதனால் நீள அலை வெகு தூரத்திலேயே வளையத் தொடங்கிக் கரையில் உயர்ந்து எழும். உள்ளூர்க் காற்று கிளப்புவது கல்லில் சளப்பென்று அடித்து அடங்கிவிடும்.

நீங்கள் பார்த்தது இரண்டு அலை சேர்ந்தது. தென்மேற்கிலிருந்து வந்தது கல்லில் மோதித் திரும்பி, பின்னால் வரும் அலைமேல் ஏறும். அந்த இடம் கூம்பாகக் குவிந்து மடங்கும்.

அதற்கு அடியில் மணல் வேண்டும். ஆனி ஆடியில் நீரோட்டம் மணலைக் கிழக்கே தள்ளும், வளைவு மறிக்கும், மேற்குப் பக்கம் திட்டு சேரும். திட்டு கரைந்த பிறகு எவ்வளவு பெரிய அலை வந்தாலும் மடங்காமல் போய்விடும். காற்றும் இருக்கிறது. ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக வருவது நம் கரையில் நிலத்திலிருந்து கடலுக்கு வீசும், அலை முகம் வழவழப்பாக நிற்கும். ஆனால் வெயில் ஏறினால் அதுவே உங்களையும் கடலுக்குள் தள்ளும். விடியலில் முடித்துவிடுங்கள்.

எங்கள் அப்பா போனெல்லாம் பார்ப்பதில்லை. வெளிப்பாரில், அதாவது கரைக்கு வெளியே கடலுக்கடியில் இருக்கும் பாறையில், வெள்ளை நுரை தெரிகிறதா என்று மாடியில் நின்று பார்ப்பார். தெரிந்தால் எனக்குக் குரல் வரும், படகைக் கரையேற்ற.

மணப்பாட்டு_மருமகன்:
அண்ணாச்சி சொன்னது சரி. ஒன்று விட்டுவிட்டார். சித்திரை வைகாசியில் காற்றே இல்லாமல் 18 விநாடி அலை வந்தால் அது கள்ளக்கடல். தெற்கே வெகு தொலைவில் அடித்த புயலின் அலை, நாள்கணக்கில் பயணம் செய்து வரும். ஹைதராபாத்திலிருந்து கடல் தகவல் மையமான இன்காய்ஸ் எச்சரிக்கை போடும். 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அதில்தான் போனார்கள். ‘இன்றுதான் அலை மடங்கும்’ என்று அன்றைக்கு இறங்காதீர்கள்.

முதலில் மணப்பாட்டுக்கு வாருங்கள். 1986 வரை அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தான், கோபம் வேண்டாம். சிலுவைக் கோவில் குன்றுக்குக் கீழே மணல் தரை, பழக ஏற்றது.

பாளை_பலகை:
நன்றி அண்ணாச்சி. கல்லோரமாக நீந்தி உள்ளே போகலாமா? படகுக்காரர்கள் திட்டுவார்களோ?

கச்சான்_காத்து:
கல்லோரம் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும், கை வலிக்காமல் உள்ளே கொண்டுபோய் விடும். திரும்பும்போது அந்தப் பக்கமே வராதீர்கள், மேற்கே தள்ளிக் கரையேறுங்கள். போர்டையும் காலையும் கட்டும் கயிறு கல் இடுக்கில் மாட்டினால் ஒரே இழுப்பில் கழலும்படி இருக்கட்டும்.

திட்டத்தான் செய்வார்கள். வளைவைத் தாண்டிப் படகு உள்ளே வரும் வாய் அது. வள்ளம் அலைமேல் ஏறிவிட்டால் நிறுத்த முடியாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை, அன்று வாருங்கள். வண்டியை ஏலக்கூடத்து முன்னால் நிறுத்த வேண்டாம், ஐஸ் லாரிக்காரர் பொறுமைசாலி இல்லை.