குடும்பத்தில் யாருக்காவது "அந்த வருத்தம்", அதாவது மனச்சோர்வு, இருந்ததா என்று உங்களிடமும் கேட்டார்களா?

வெள்ளவத்தை மூத்தவள்:

தங்கைக்குக் கலியாணம் பேச வந்திருந்தார்கள். சாதகம் பொருந்திவிட்டது. சீதனப் பேச்சும் ஒருவாறு ஒப்பேறிவிட்டது. புறப்படும்போது மாப்பிள்ளையின் பெரியம்மா வாசலில் செருப்பை மாட்டியபடியே கேட்டார்: "உங்கள் அம்மம்மாவை அங்கொடைக்குக் கொண்டுபோனார்களாமே, உண்மையா?" அம்மாவின் கையிலிருந்த தட்டில் தேநீர்க் கோப்பைகள் ஒன்றோடொன்று இடிபட்டன.

அங்கொடை என்றால் அங்குள்ள மனநல மருத்துவமனை. உண்மைதான். 1983 ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்து, உடுத்த சேலையோடு அகதி முகாமுக்குப் போனவர் அம்மம்மா. அடுத்த ஆண்டே படுக்கையில் விழுந்தார். உலையில் சோறு கருகும் மணம்கூட அவருக்கு எட்டாதாம். அதே முகாமில் அதே பாயில் படுத்த அவருடைய தங்கைக்கு ஒன்றும் வரவில்லை. அம்மாவுக்கும் வரவில்லை. எனக்கு வந்தது, 2022இல். வேலை போய்விட்டது. அப்பாவின் மருந்துக்காக மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கினேன். ஒருநாள் காலையில் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தேன். மத்தியானமும் அதே சீப்போடு அப்படியே இருந்ததைக் கண்டுதான் அம்மா பயந்தார். அன்றிரவு 1926க்கு அழைத்தோம். அரசின் மனநல உதவி இலக்கம் அது.

பிறகு பார்த்த மருத்துவரிடம் முதலில் கேட்டது, "இது அம்மம்மாவிடமிருந்து வந்ததா?" என்றுதான். அவர் சொன்னார்: "கொழும்பில் மழை எல்லார் வீட்டிலும் பெய்கிறது. வெள்ளம் ஏறுவது தாழ்ந்த காணியில். ஆனால் மழை பெய்யாத ஆண்டில் தாழ்ந்த காணியிலும் வெள்ளம் இல்லை." நெருக்கீடு வரும்போது உடலில் சுரக்கும் கோட்டிசோல் என்ற ஓமோன், ஆபத்து நீங்கியதும் தணியவேண்டும்; மனச்சோர்வு உள்ள பலரில் அது தணியாமலே நிற்கிறது என்றும் விளக்கினார். இரட்டையர் ஆய்வுகளைத் திரட்டி 2000இல் வெளிவந்த மதிப்பீட்டில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழ 37 சதவீதம். அம்மம்மாவுக்கு வந்ததால் எனக்கு வரும் வாய்ப்பு 37 என்று அதற்குப் பொருள் அல்ல. மக்களிடையே இந்த நோயில் காணும் வேறுபாட்டில் அவ்வளவு பரம்பரையால் வருகிறது. மிச்சம் வாழ்ந்த வாழ்க்கையால். இதையெல்லாம் வாசலில் செருப்போடு நிற்பவரிடம் எப்படிச் சொல்வது?

கொட்டாஞ்சேனை இளையவன்:

நானும் அண்ணாவும் ஒத்த இரட்டையர். அவன் பன்னிரண்டு நிமிடம் மூத்தவன். அண்ணி இறந்தபின் அவனுக்கு மனச்சோர்வு வந்து இப்போது ஐந்து ஆண்டுகள். எனக்கு இதுவரை இல்லை. ஆனால் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினால் போதும், மனைவி நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள், காய்ச்சல் பார்ப்பதுபோல. பரம்பரையலகுகள் ஒன்றுதான். மனைவியை இழந்தவன் அவன் மட்டும்.

பழைய உயிரியல் ரியூசன் ஆசிரியர்:

எனக்கும் ஒரு கதை உண்டு, கொஞ்சம் வெட்கமான கதை. நியூசிலாந்தின் டனீடினில் 847 பேரை வைத்து 2003இல் ஓர் ஆய்வு வந்தது. மூளையில் செய்தி கொண்டுசெல்லும் செரொட்டோனினைக் கடத்தும் புரதத்துக்கான பரம்பரையலகின் குட்டை வடிவம் உள்ளவர்கள், துன்பம் அடுக்கடுக்காக வந்தபோது மற்றவர்களைவிட அதிகம் மனச்சோர்வில் விழுந்தார்கள் என்றது. அந்த ஆய்வின் வரைபடம் அவ்வளவு அழகு. உயர்தர வகுப்பில் கரும்பலகையில் வரைந்து, "பிள்ளைகள், பரம்பரையும் நெருக்கீடும் சந்திக்கும் இடம் இதுதான்" என்று ஆண்டுக்கணக்கில் முழங்கினேன்.

2009இல் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். துன்ப நிகழ்வுகள் நோயைக் கூட்டுவது தெரிந்தது. குட்டை வடிவத்தின் பங்கு தெரியவில்லை. 2019இல் இப்படிப் பேர்போன 18 பரம்பரையலகுகளைப் பெருந்தொகை மக்களிடம் சோதித்தார்கள். கண்ணை மூடிப் பொறுக்கியவற்றைவிட அவை மேலாக இல்லை. அதே ஆண்டு 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவில் பரம்பரையலகுத் தொகுதியில் மனச்சோர்வோடு தொடர்புள்ள 102 இடங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் பலமும் மிகமிகச் சொற்பம். பழைய மாணவி ஒருத்தி, இப்போது மருத்துவர், பஸ்ஸில் கண்டு "சேர், அந்தப் படத்தை இன்னும் வரைகிறீர்களா?" என்று சிரித்தாள். வரைகிறேன். இப்போது அதன்மேல் ஒரு குறுக்குக்கோடும் போடுகிறேன்.

வெள்ளவத்தை மூத்தவள்:

சேருக்கு நன்றி. உங்கள் குறுக்குக்கோடு நேற்று உதவியது. பெரியம்மா தொலைபேசியில் அழைத்து, இதற்கு ஏதும் இரத்தப் பரிசோதனை உண்டா, தங்கைக்குச் செய்து பார்க்கலாமா என்று கேட்டார். வருமா வராதா என்று சொல்லிவிடும் பரிசோதனை எதுவும் இல்லை என்றேன். "அப்படியென்றால் நாங்கள் எதை நம்புவது?" என்றார். அதுவரை பக்கத்தில் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா கையைத் துடைத்துவிட்டுத் தொலைபேசியை வாங்கினார். "உங்கள் வீட்டில் நாலு பேருக்கு நீரிழிவு என்று எங்களுக்கும் தெரியும். நாங்கள் கேட்டோமா?"

இன்னும் பதில் வரவில்லை. தங்கை சிரித்தபடி இருக்கிறாள். அம்மாதான் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.