வட்டவடையில் விடியற்காலையில் தண்ணீர் வரவில்லை: குழாயில் பனிக்கட்டியா, காற்றா?

கேட்டவர்: பூண்டுத்தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். மூணாறு பக்கத்து மலையூரான வட்டவடையில் எங்கள் வீடு பள்ளத்தில், தோட்டத்தின் ஓரமாக இருக்கிறது. மேலே சோலையிலிருந்து வரும் ஓடையில் கறுப்பு ஓஸைப் போட்டு, ஏறக்குறைய 200 மீட்டர் தூரம் தரைமேலேயே இழுத்துவந்து, மொட்டைமாடியில் உள்ள 500 லிட்டர் தொட்டியில் விட்டிருக்கிறோம். தொட்டி நிறைந்தால் மிதவை வால்வு தானாக அடைத்துக்கொள்ளும். தொட்டியிலிருந்து அரை அங்குல வெள்ளை பிவிசி குழாய் மாடித் தளத்தின் மேல் நான்கு மீட்டர் ஓடி, பிறகு கிழக்குச் சுவரின் வெளிப்பக்கமாகச் சமையலறைக்கு இறங்குகிறது.

சென்ற வாரம் புல்லெல்லாம் வெள்ளை பூத்திருந்த மூன்று நாள்களில், காலை ஆறு மணிக்குச் சமையலறைக் குழாயில் ஒரு சொட்டும் விழவில்லை. எதிர்மலை மறைப்பதால் எங்களுக்கு வெயில் வரவே ஒன்பதரை ஆகும். வெயில் பட்டுச் சற்று நேரத்தில் தண்ணீர் தானாக வந்துவிட்டது. சுவரில் தொங்கும் வெப்பமானி அன்று 3 டிகிரி காட்டியது. 3 டிகிரியில் தண்ணீர் எப்படி உறையும், இது காற்றடைப்புதான் என்கிறார் என் மாமனார். மகன் காகிதத்தைக் கொளுத்திக் குழாய்க்குச் சூடு காட்டப் போனான். நல்லவேளை, அத்தை தடுத்துவிட்டார். எது சரி, என்ன செய்யலாம் என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: மூணாறு குழாய்ப்பணி

வணக்கம் சகோதரி. உங்கள் மாமனாரின் ஐயம் நியாயமானது. எங்களை அழைப்பவர்களில் பலர் குழாய் உறைந்துவிட்டது என்று சொல்லி அழைத்தாலும், போய்ப் பார்த்தால் காற்றடைப்பாகவோ, ஓடை முகப்பில் வலையை இலைச்சருகு மூடியதாகவோதான் இருக்கும். ஆனால் உங்கள் வீட்டில் நடப்பது உறைதல் என்றே நினைக்கிறேன். காற்றடைப்புக்கு வெயிலும் பனியும் தெரியாது. அது ஆனி மாதத்திலும் வரும், ஒன்பதரை மணிக்குத் தானாக விலகவும் செய்யாது. குழாயைத் திறந்தால் சீறிச் சீறித் துப்பினால் அது காற்று. சத்தமே இல்லாமல் வறண்டிருந்து, வெயில் பட்டதும் வந்தால் அது பனிக்கட்டி.

வெப்பமானி 3 டிகிரி காட்டியதில் முரண் ஏதுமில்லை. அது சுவரை ஒட்டித் தொங்குகிறது. பகலில் வாங்கிய சூட்டைச் சுவர் இரவெல்லாம் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் வானத்தைப் பார்த்துக் கிடக்கும் புல், தகரம், குழாய் ஆகியவை தம் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். புல்லில் உறைபனி பூத்திருப்பதே அதற்குச் சான்று. அத்துடன், குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் வழிந்து உங்கள் வீடு இருக்கும் பள்ளத்தில்தான் தேங்கும். ஆகவே நான் சந்தேகப்படுவது சுவரில் இறங்கும் குழாயை அல்ல, மாடித் தளத்தின் மேல் படுத்துக் கிடக்கும் அந்த நான்கு மீட்டரைத்தான். நாளைக் காலையில் அதை விரலால் தட்டிப் பாருங்கள். உறைந்த இடம் கல்லைத் தட்டியதுபோல மந்தமாக ஒலிக்கும், மேலே பனிப்பூவும் பிடித்திருக்கும்.

அந்தத் துண்டைத் தளத்தின் மேல் விடாமல், தொட்டியின் அடியிலிருந்தே வீட்டுக்குள் இறக்கிவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு. அதுவரை பஞ்சுபோன்ற நுரைக்குழலைச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளால் இறுகக் கட்டுங்கள். சாக்கு மட்டும் சுற்றினால் பனியில் நனைந்து பயனற்றுப் போகும். எந்த உறையும் குழாயைச் சூடாக்காது, ஆறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. ஆனால் நம் ஊரில் விடியற்காலையில் இரண்டு மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் போதும்.

பதில் 2: ஓய்வுபெற்ற சாப்பர், மறையூர்

மேலே தம்பி சொன்னது முற்றிலும் சரி. நான் ராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ் பிரிவில் இருந்தபோது லடாக்கில் இரண்டு குளிர்காலம் கழித்தவன். லே நகரில் குளிர்கால இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியும் உண்டு. அங்கே குழாயை ஆழப் புதைப்பார்கள், அல்லது குளிர்காலம் முழுவதும் வடித்து வெறுமையாக வைத்துவிடுவார்கள். வட்டவடையில் அவ்வளவு தேவையில்லை. நம் மண்ணுக்குள் உறைவதே இல்லை, ஓஸை ஓரடி ஆழத்தில் புதைத்தாலே போதும்.

உறைந்த குழாயை எப்படி இளக்குவது என்பதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இழப்பு பெரும்பாலும் அப்போதுதான் நேர்கிறது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 விழுக்காடு கூடும். பனிக்கட்டியே குழாயை நெட்டி உடைப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அதுவும் நடக்கும், ஆனால் பெரும்பாலும், வளரும் கட்டிக்கும் மூடிய குழாய் வாய்க்கும் நடுவே சிக்கிக்கொண்ட தண்ணீர் போக வழியின்றி அழுத்தம் ஏறுவதால்தான், உறையாத இடத்தில்கூடக் குழாய் வெடிக்கிறது. எனவே முதல் வேலை சமையலறைக் குழாயைத் திறந்துவைப்பது. பிறகு திறந்த வாயின் பக்கத்திலிருந்து தொடங்கி, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டே தொட்டியை நோக்கிப் போக வேண்டும். நடுவில் சூடு வைத்தால், உருகிய நீர் இரு பக்கக் கட்டிகளுக்கும் இடையில் மாட்டிக்கொள்ளும். முடி உலர்த்தும் கருவி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம், தண்ணீர் சொட்டும் இடத்தில் மட்டும் வேண்டாம்.

கொதிக்கும் நீரை நேராக ஊற்றாதீர்கள். வெள்ளை பிவிசி 60 டிகிரிக்கு மேல் இளகத் தொடங்கும். வெந்நீருக்கென்றே வரும் மஞ்சள் கலந்த சிபிவிசி 90 டிகிரி வரை தாங்கும் என்றாலும், குளிர்ந்து விறைத்திருக்கும்போது திடீர்ச் சூடு அதற்கும் ஆகாது. தீயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நுரையீரலை அரிக்கும். உங்கள் அத்தை காப்பாற்றியது வீட்டை மட்டுமல்ல, பையனையும்தான்.

இன்னொன்று. விரிசல் விழுந்திருந்தாலும் பனிக்கட்டியே அதை அடைத்து வைத்திருக்கும். உருகிய பிறகுதான் ஒழுக்குத் தெரியும். ஆகவே தொட்டிக்கு அடியில் தண்ணீரை நிறுத்துவதற்காக உள்ள கேட் வால்வு சுலபமாகத் திருகுகிறதா என்று இன்றே பார்த்துவையுங்கள். பல வீடுகளில் அது ஆண்டுக்கணக்கில் திருகப்படாமல் இறுகிப் போயிருக்கும்.

கேட்டவர்: பூண்டுத்தோட்டம்

இருவருக்கும் நன்றி. இன்று காலை தட்டிப் பார்த்தோம். மாடியில் உள்ள துண்டு, தொட்டியிலிருந்து இரண்டாவது மீட்டரில், மந்தமாக ஒலித்தது. மாமனாரும் தட்டிப் பார்த்துவிட்டு, காற்று என்ற பேச்சை விட்டுவிட்டார். துணி முறையில் இருபது நிமிடத்தில் தண்ணீர் வந்தது. கேட் வால்வு, நீங்கள் சொன்னபடியே, திருகவில்லை, மாற்ற வேண்டும். ஆனால் ஓடை ஓஸிலும் இன்று முதல் முறையாகத் தண்ணீர் நின்றிருந்தது. 200 மீட்டரையும் இந்த மாதமே புதைக்க இயலாது. வேறு வழி உண்டா?

பதில் 3: மூணாறு குழாய்ப்பணி

இதில் பெரிய செலவு இல்லை. ஓடும் தண்ணீர் நம் குளிருக்கு உறையாது; உங்கள் ஓஸில் அது உறைவதற்குக் காரணமே மிதவை வால்வுதான். இரவு பத்து மணிக்குத் தொட்டி நிறைந்து வால்வு மூடியதும், 200 மீட்டர் ஓஸிலும் தண்ணீர் அசையாமல் நின்றுவிடுகிறது. மார்கழி, தை இரண்டு மாதமும் வால்வைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்து, தொட்டியில் மிகுந்த நீர் வெளியேறும் வழிகால் குழாயில் ஓர் ஓஸை மாட்டித் தோட்டத்து வாய்க்காலுக்கோ ஓடைக்கோ விட்டுவிடுங்கள். வழிகால் அரை அங்குலமாக இருந்தால் ஓர் அங்குலமாக மாற்றுங்கள், இல்லையேல் தொட்டி வழிந்து மாடி நனையும். ஒரே ஓடையிலிருந்து பலர் எடுப்பதாக இருந்தால், கீழ் வீட்டாரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

கறுப்பு ஓஸ் பாலிஎதிலீன் என்பதால் சற்று விரிந்து கொடுக்கும், ஒருமுறை உறைந்ததால் உடைந்திருக்காது. இணைப்புகளை மட்டும் பாருங்கள். பிளாஸ்டிக் இணைப்பான் இருக்கும் இடத்தில்தான் கீறல் விழும். கேட் வால்வு மாற்றும் நாளில் தொட்டியை வடித்துவைத்துவிட்டு அழையுங்கள். நிறைந்த தொட்டியோடு அந்த வேலையைச் செய்ய முடியாது.