‘கோணமலை’ என்று மட்டும் தேடிப் பாருங்கள்

கவுண்டர்க்காரி:

திருகோணமலைப் பக்கம் ஒரு பொது நூலகத்தில் வேலை. வாசகர்களுக்குக் கணினி நான்கு, ஓடுவது மூன்று. போன மாதம் உயர்தரம் படிக்கிற பிள்ளை ஒருத்தி கன்னியா வெந்நீர் ஊற்றுப் பற்றி ஒப்படை செய்ய வந்தாள். இணையத்தில் பழைய சிறப்பு மலர் ஒன்றைத் திறந்து, கன்ட்ரோலையும் எஃப்பையும் அழுத்தி ‘கன்னியா’ என்று தேடினாள். பூச்சியம். “மிஸ், இதில ஒண்டுமே இல்லை” என்று எழும்பப் பார்த்தாள். நான் இரண்டு பக்கம் தள்ளினேன். தலைப்பிலேயே பெரிய எழுத்தில் கன்னியா!

அது ஸ்கேன். எங்கள் கண்ணுக்கு எழுத்து, பிரௌசருக்கு வெறும் படம். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் ஓரளவு எழுத்தாக்கித் தரும். பிழை இருக்கும், ஆனால் எந்தப் பக்கம் என்று பிடித்துவிடலாம்.

சரி என்று அடுத்த கோப்பைத் திறந்தோம். அது தட்டெழுதியதுதான், அதிலும் கிடைக்கவில்லை. இந்த முறை பாமினி. எங்கள் நாட்டில் பல வருடம் எல்லாவற்றையும் அந்த எழுத்துருவில்தானே அடித்தோம். திரையில் ‘அம்மா’ என்று தெரியும், உள்ளே கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். இப்போது எல்லாரும் அடிக்கிற பொது எழுத்துமுறையான யூனிகோடில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? சந்தேகமென்றால் ஒரு வரியைப் பிரதி எடுத்து முகவரிப் பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்துக் குப்பையாக விழுந்தால் பாமினி மாதிரி பழைய எழுத்துருதான். தேட வேண்டிய சொல் ஓரிடத்தில் கண்ணில் பட்டால், அதையே பிரதி எடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். மற்ற இடங்களும் வந்துவிடும்.

இன்னொன்று, எங்கள் ஊர்ப் பெயர். திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை என்று ஆளுக்கொரு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ‘கோணமலை’ என்று மட்டும் அடித்தால் மூன்றும் சிக்கும். (திருமலை என்ற சுருக்கப் பெயர் சிக்காது, அதைத் தனியாகத் தேட வேண்டும்.) ‘நூலகம்’ என்று தேடினால் ‘நூலகத்தில்’ வராது, ‘நூலக’ என்று நிறுத்துங்கள். தமிழில் சொல்லின் வால்தானே மாறுகிறது.

வளாகத்துப் பொடியன்:

பாமினிக் கதையால் ஒரு கிழமை வீணாகியது எனக்கும் நடந்தது அக்கா. என் பங்குக்கு ஒன்று. ஆய்வுக்கட்டுரைக்காக இருபது டேப் திறந்து வைத்திருந்தேன். நண்பன் “ஒரு நிமிசம் மச்சான்” என்று உட்கார்ந்து, எழும்பும்போது முழு ஜன்னலையும் மூடிவிட்டுப் போய்விட்டான். பிரௌசரைத் திரும்பத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், ரீ மூன்றையும் சேர்த்து அழுத்தினேன், எல்லாம் திரும்பி வந்தது. தேத்தண்ணிக்கு வருகிற ரீ. இந்தியாக்காரர் ‘டி’ என்று எழுதுவதை நம்பி வேறு எழுத்தை அழுத்தினால் புக்மார்க்தான் விழும்.

ஆங்கிலக் கட்டுரைக்கு முப்பது, நாற்பது டொலர் கேட்டால் உடனே மூடிவிடாதீர்கள். அன்பேவால் என்ற பிரௌசர் நீட்சியைப் போட்டு வையுங்கள். அதே கட்டுரையின் இலவசப் பிரதி எங்காவது முறைப்படி இருந்தால் பக்க ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும். அப்புறம் சொட்டேரோ, உசாத்துணை நூல்களைச் சேர்த்து வைக்கிற மென்பொருள். ஒரு சொடுக்கில் நூல் விவரம் சேர்ந்துவிடும், தமிழ்ப் பெயர்களை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

மூதூர் ரீச்சர்:

ஓய்வு பெற்று, கண்ணில் கற்றராக்ட் சத்திரசிகிச்சையும் முடிந்தவள் நான். எழுத்தைப் பெரிதாக்கினால் விளம்பரமும் சேர்ந்து பெரிதாகும், எரிச்சல். நூலகத்தில் ஒரு தம்பி எஃப் 9 அழுத்திக் காட்டினார். எட்ஜிலும் ஃபயர்ஃபொக்ஸிலும் பல கட்டுரைப் பக்கங்களில் கட்டுரை மட்டும் மிஞ்சும். எட்ஜ் வாசித்தும் காட்டுகிறது, இலங்கைத் தமிழ்க் குரல்களும் உண்டு. முதல் நாள் கேட்டபோது யாரோ செய்தி வாசிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஆனால் இந்த ஸ்கேன், பாமினி இரண்டையும் அதனால் ஒழுங்காக வாசிக்க முடியாது பிள்ளைகள், நான் முயன்று பார்த்துவிட்டேன்.

கவுண்டர்க்காரி:

பொதுக் கணினியில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் விட்டுப்போய்விட்டது. குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என் அழுத்தினால், பார்த்த பக்கங்களின் பதிவை வைத்திருக்காத மறை ஜன்னல் (இன்காக்னிட்டோ) திறக்கும். மின்னஞ்சல் பார்ப்பதென்றால் அதில் பாருங்கள், முடிந்ததும் மூடுங்கள். தம்பி சொன்ன திரும்பக் கொண்டுவரும் வித்தை அங்கே பலிக்காது, அதுதான் அதன் நன்மையும்.

ஆனால் தரவிறக்கிய கோப்பு அப்படியே கிடக்கும்! ஒரு அண்ணா கவனமாக மறை ஜன்னலில் விண்ணப்பம் போட்டுவிட்டுப் போனார். பின்னேரம் டவுன்லோட் பெட்டியைத் திறந்தால் அவருடைய அடையாள அட்டையின் இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டிருந்தன. அழித்துவிட்டேன். இப்போது மூடும் நேரத்தில் மூன்று கணினியிலும் அந்தப் பெட்டியைப் பார்த்துத் துடைப்பது எனக்கு ஒரு வேலை.

ரீச்சர், எங்கள் பக்கம் வந்தால் ஹெட்போன் கொண்டு வாங்கோ. எங்களிடம் இருப்பதில் இடது காது மட்டும்தான் கேட்கும்.